டீ கேட்ட தீவு

உலக நாடுகள் எல்லாம் ஒன்றுகூடினாலும் மதியச் சாப்பாட்டுக்குத் தனியாக உட்காருகிறவன் ஒருவன் இருந்தே தீருவான். மன்னார்குடிக் கல்லூரியில் அது நான்.

கீழ்வேளூரிலிருந்து போய் விடுதியில் சேர்ந்து மாதங்கள் ஆகியும் என்னிடம் பேசியவர் மெஸ்காரர் மட்டும்தான் ("தட்ட அங்க வைங்க தம்பி"). அந்த நிலையில்தான் எங்கள் துறையில் பருவநிலை மாநாடு ஒன்றை ஒத்திகை போல நடத்தினார்கள். ஆளுக்கொரு நாடு. பெரிய நாடுகளை நண்பர்கள் கூட்டமாகப் பங்கிட்டுக்கொள்ள, மிச்சமிருந்த, கடலில் மூழ்கப்போகும் குட்டித் தீவு என் தலையில் விழுந்தது. கடைசி வரிசையில் ஒரு மேசையும் மைக்கும் கொடுத்தார்கள்.

தலைமை வகித்த பேராசிரியர் விதியைச் சொன்னார். எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் ஒப்பந்தம். ஒரு நாடு மறுத்தாலும் கிடையாது.

"புகையைக் குறைக்க முயல்வோம்" என்று தீர்மானம் வந்தது.

"முயல்வோம்னா அதுக்குள்ள எங்க நாடு முழுகிடும். எந்த வருஷத்துக்குள்ளன்னு போடுங்க" என்றேன். (இதுவரை சரியான பேச்சுதான்.)

அரங்கமே திரும்பிப் பார்த்தது. நாலைந்து நாடுகள் என் மேசைக்கு ஓடி வந்தன. ஒருத்தி பிஸ்கட் கொடுத்தாள். நிலக்கரி தேசத்து ரஃபீக் தோளில் கைபோட்டு, "மாப்ள, கொஞ்சம் விட்டுக்குடுடா, பசிக்குது" என்றான். அங்கே யாரும் என்னை அதுவரை மாப்ள என்று கூப்பிட்டதில்லை. சொக்கிப்போனேன். வருஷத்தைப் போட்டுக் கொடுத்தார்கள், மறுத்தேன். நிதி தருவதாகச் சொன்னார்கள், அதையும் மறுத்தேன். சரி என்றால் அடுத்த நிமிடமே எல்லோரும் எழுந்து போய்விடுவார்களே என்ற பயம்தான்.

கடைசியில் ரஃபீக் குனிந்து, "ஒனக்கு என்னதான்டா வேணும்?" என்றான்.

"சாயங்காலம் டீக்குப் போறப்ப என்னையும் கூப்பிடுங்கடா" என்று ரகசியமாகச் சொன்னேன்.

மைக்கை நான் அணைத்திருக்கவில்லை.

கூரை பிய்ந்துபோகும் சிரிப்பு. பேராசிரியர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "தீவு நாட்டின் கோரிக்கை ஒப்பந்தத்தில் சேர்க்கப்படுகிறது. ஆட்சேபம் உண்டா?" என்றார். யாருக்கும் இல்லை. ஒருமனதாக நிறைவேறியது. நான் மேசைக்கடியில் புகுந்துகொள்ள இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை தலைவாரி, சட்டை மாற்றி, விடுதி வாசலில் நின்றேன். எல்லோரும் என்னைக் கடந்துதான் டீக்கடைக்குப் போனார்கள் ("என்ன தீவு, நல்லாருக்கியா?"). யாரும் கூப்பிடவில்லை. கையெழுத்துப் போடுவது சுலபம், அமல்படுத்துவதுதான் சிரமம் என்று பேராசிரியர் பிறகு பாடம் நடத்தினார். எனக்கு அது அந்த வாசலிலேயே புரிந்துவிட்டது.

இந்தக் கதையை மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது வீட்டில் டீ கொதித்ததும் என் மகள் அறை வாசலில் வந்து நின்று, "தீவு நாட்டுக்கு ஆட்சேபம் உண்டா?" என்பாள். உடனே எழுந்து போய்விடுவேன். எனக்கு டீ அவ்வளவாகப் பிடிக்காது. அதை வீட்டில் இதுவரை சொன்னதில்லை.