எட்டுக் கால் கூண்டும் மாப்பிள்ளையின் தலைப்பாகையும்

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் திரு. சிவகடாட்சம் அவர்களுக்கு,

உமது மூத்த தங்கை கனகாம்பிகையின் கணவன் அருளம்பலம் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் முருகன் காவலில் சுகமாக இருக்கின்றோம். நீரும் மச்சாளும், உமது இடது முழங்காலும், அந்தக் கிணற்று மோட்டரும் அவ்வாறே சுகமாக இயங்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் கதைத்தால் உமது தங்கை பக்கத்தில் நின்று திருத்துவாள். கடிதத்தில் அந்தக் கரைச்சல் இல்லை.

விசயம் இதுதான். உமது மகள் சிவரூபினியின் கலியாணத்தன்று மாப்பிள்ளையை மண்டபத்துக்கு அழைத்துவரப் பெண் வீட்டார் வாகனம் அனுப்ப வேண்டும். அது எனது ஜீப்பா, அல்லது உமது இளைய தங்கையின் புருசன், எனது சகலன், கிழக்கு லண்டனில் இருக்கும் பத்மநாதனின் ஜீப்பா என்பதைப் பெண்ணின் தகப்பனாகிய நீர் தீர்த்துச் சொல்ல வேண்டும். நான் பக்கம் சாராமல் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பத்மநாதன் ஒரு பொறாமைக்காரன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வாசியும்.

என்னுடைய ஜீப் உமக்குத் தெரியும். எழுபத்தோராம் ஆண்டு லாண்ட் ரோவர், பச்சை நிறம், பின்னால் ரண்டு பக்கமும் ஆட்கள் இருக்க நீட்டு வாங்கு. இருபத்தாறு வருசமாக இந்தக் குடும்பத்தைச் சுமந்த வாகனம். பிள்ளையள் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனது அதில, கோயிலுக்குப் பொங்கல் பானை போனது அதில. சிவரூபினி படிக்கவெண்டு வந்து ஹீத்ரோவில இறங்கின அண்டைக்கு அவளை ஏத்திக்கொண்டு வந்தது ஆர்? நான். வழியில அவள் மூண்டு தரம் சத்தி எடுத்தவள். வாளி பிடிச்சுக்கொண்டு நிண்டவ உம்மட தங்கச்சி. அண்டைக்குப் பத்மநாதன் எங்க? வேலையாம், ஷிப்டாம். அப்பிடிப்பட்டவன் போன வருசம் திடீரெண்டு தானும் ஒரு பழைய லாண்ட் ரோவர் வாங்கினான். வாங்கினால் வாங்கட்டும், எனக்கென்ன. ஆனா அவன் அதுக்கு மேல றோல் கேஜ் எல்லோ போட்டான். அது என்னெண்டு கேப்பீர். ஜீப் பிரண்டு உருண்டால் இருக்கிறவையின்ர தலை நசுங்காமல் இருக்க, தடிச்ச இரும்புக் குழாயால சுத்திவரக் கட்டுற ஒரு கூண்டு. கறுப்புப் பெயின்ட், ஆறு கால், ஜீப்புக்கு வெளியால. டூட்டிங்கில சாமான் கடைக்கு முன்னால கொண்டுவந்து நிப்பாட்டினான், மச்சான். கறிவேப்பிலை வாங்க வந்த சனம் எல்லாம் கறிவேப்பிலையை விட்டிட்டு ஜீப்போட நிண்டு படம் எடுக்குது. பின்னால என்ர ஜீப் நிக்குது. ஒரு பொம்பிளை தன்ர பையை என்ர பொனட்டில வைச்சிட்டுப் போய் அவன்ர ஜீப்போட படம் எடுத்தா. எனக்கு நெஞ்சுக்குள்ள கொள்ளிக்கட்டை வைச்ச மாதிரி இருந்தது. பொறாமை இல்லை, சும்மா ஒரு எரிச்சல்.

உமக்கு ஞாபகம் இருக்கும், உவனுக்கும் எனக்கும் முந்தியே ஒரு கணக்கு இருக்கு. உம்மட அம்மா, எங்கட மாமி, அவன் கலியாணம் முடிச்சு முதல் விருந்துக்கு வந்த அண்டைக்கு நண்டு சமைச்சவ. நான் மூத்த மருமகன். சபையில முதல் நானெல்லோ? பெரிய நண்டுக்கால் ரண்டும் அவன்ர கோப்பைக்குப் போச்சு. எனக்கு ஓடு வந்தது. நீர் பக்கத்தில இருந்தனீர், பாத்துக்கொண்டிருந்தனீர், ஒண்டும் சொல்லேல்லை. அதை நான் அண்டைக்கே மறந்திட்டன். முப்பத்திரண்டு வருசமாச்சு.

எங்க விட்டனான்? ஓம், கேஜ். சிவரூபினி வீட்ட வந்தவள், தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு மெல்லமாச் சொல்லுறாள், "பெரிய மாமா, மாப்பிள்ளையைக் கூட்டிவாறதுக்குச் சின்ன மாமான்ர ஜீப்பை அனுப்புவமா? அதில கேஜ் இருக்கு, சேப்டி எல்லோ?"

"பிள்ளை, கலியாண ஊர்வலத்தில உருளுறதுக்கு அவன் என்ன மலையிலயே ஓடப் போறான்?"

"அப்பிடியில்லை மாமா, படத்துக்கும் வடிவா இருக்கும்."

படத்துக்கு! வாளி பிடிச்ச கையைப் படம் எடுக்க ஆளில்லை. அண்டிரவு எனக்குச் சோறு இறங்கேல்லை. உம்மட தங்கச்சி கேக்கிறா, "இஞ்சேருங்கோ, இப்ப என்ன, நீங்களும் கூண்டு போடப் போறியளோ?" "ஓம், பேரப்பிள்ளையளின்ர பாதுகாப்புக்கு" எண்டன். "உங்களுக்கு ஜீப்புக்குக் கூண்டு வேண்டாம், வாய்க்குத்தான் ஒண்டு வேணும்" எண்டிட்டுப் போய்ப் படுத்திட்டா.

விடிய எழும்பிக் குறொய்டன் பக்கம் போனன். அங்க றஜீனா எண்டு ஒரு மன்னார்ப் பெட்டை, ரயில் பாலத்துக்குக் கீழ பட்டறை வைச்சு இந்தக் கூண்டுதான் ஒட்டுறாள். முகத்தில பெரிய கண்ணாடி, கையில நெருப்பு. நான் போன உடன நெருப்பை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டாள்.

"ஐயா, உங்கட ஜீப் ஓடவோ, உருளவோ?"

"இதென்ன கேள்வி பிள்ளை?"

"உருளுற ஆக்களுக்கு ஒரு மாதிரி, கடைத்தெருவில ஓடுற ஆக்களுக்கு ஒரு மாதிரி. வெளியால போட்டால் உள்ளுக்கு இடம் குறையாது, ஆனா மரக்கொப்பு கொழுவும். உள்ளால போட்டால் அடக்கமா இருக்கும், ஆனா தலைக்கு மேல இடம் போயிடும். எது வேணும்?"

"பத்மநாதன்ர வெளியால."

"அது ஆர் பத்மநாதன்?"

"என்ர சகலன். அப்ப எனக்கு உள்ளால போடு. அவனுக்கு ஆறு கால், எனக்கு எட்டு."

அவள் என்னை ஒரு பார்வை பாத்தாள். "ஐயா, காலை எண்ணி வாங்கிறதில்லை. கால் எங்க நிக்குது எண்டதுதான் கதை. அடியில சேசிஸ் எண்ட இரும்புச் சட்டத்தில பூட்ட வேணும். மேல் தகரத்தில பூட்டினால் உருளேக்க தகரத்தையும் கிழிச்சுக்கொண்டு வரும்" எண்டாள். எனக்கு அது காதில விழேல்லை. எட்டு, எட்டு எண்டுதான் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. சரி, அவள் நல்ல பிள்ளை, எட்டையும் சேசிஸிலயே பூட்டினாள். அதுக்கு முதல் ஒண்டு சொன்னாள், "இதில ஏறுற ஆக்களில ஆக உயரமான ஆளை இருத்தி அளக்க வேணும். தலைக்கும் கம்பிக்கும் நடுவில இடம் வேணும், கம்பிக்குப் பஞ்சும் சுத்த வேணும்."

ஆக உயரம் ஆர்? மாப்பிள்ளை ரதீசன்தான், ஆறடி மூண்டு அங்குலம். தேத்தண்ணிக்கு வாரும் தம்பி எண்டு கூப்பிட்டன். வந்த பொடியனை வாசல்லயே மறிச்சு ஜீப்புக்குள்ள இருத்திப்போட்டு, கனகத்தின்ர தையல் நாடாவால அளந்தன். பாவம், "அங்கிள், இது உங்கட வழக்கமோ?" எண்டு கேட்டான். "ஓம் தம்பி, பொம்பிளை வீட்டு வழக்கம்" எண்டன். தலைக்கும் கம்பி வரப்போற இடத்துக்கும் நடுவில கிட்டத்தட்ட நாலு விரல் இடம் வந்தது. பஞ்சு சுத்தி ரண்டு விரல். நல்ல வடிவா இருக்கு எண்டு றஜீனாவும் சொன்னாள். மூண்டு கிழமையில கூண்டு ஏறிச்சுது. வீட்டுக்கு முன்னால நிப்பாட்டினன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி எட்டிப் பாத்து, சிங்கம் ஏதும் வளக்கப் போறியளோ எண்டு கேட்டா. கேட்டது எனக்குப் பெருமையா இருந்தது. பத்மநாதனிட்டை ஒருதரும் சிங்கம் கேக்கேல்லை.

அவனையும் கூப்பிட்டுக் காட்டினன். சுத்திச் சுத்தி வந்தான். கம்பியை ஒவ்வொண்டாத் தொட்டு எண்ணினான். ஆறு மட்டும் முகம் சிரிச்சுக்கொண்டிருந்தது. ஏழு, எட்டு எண்டேக்க முகம் இறங்கிச்சுது. "நல்லாயிருக்கு அண்ணை" எண்டான். அந்த "அண்ணை"யில சீனி இல்லை. அண்டைக்கு நான் ரண்டு கோப்பை சோறு சாப்பிட்டன்.

பேந்துதான் வினை வந்தது. போன சனிக்கிழமை ரதீசன் கலியாண உடுப்பு எல்லாம் வந்திட்டுது எண்டு கொண்டுவந்து காட்டினான். பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகை. தலைப்பாகை எண்டால் முன்னால கல்லு வைச்சு, மேல குஞ்சம் விட்டு, ஒரு அடி உயரம். "தம்பி, உதை வைச்சுக்கொண்டு ஒருக்கா ஜீப்பில இரும், ஒத்திகை பாப்பம்" எண்டன். இருந்தான். கம்பி தலைப்பாகையை அமத்திச்சுது, தலைப்பாகை மூக்குக்கு வந்திட்டுது. உள்ளுக்கிருந்து ஒரு சத்தம் மட்டும் வருது, "அங்கிள், எனக்கு ஒண்டும் தெரியேல்லை." உம்மட மகள் நிலத்தில குந்தியிருந்து சிரிக்கிறாள். கனகம் சொல்லுறா, "பொடியன்ர தலையை அளந்தியள், தலைப்பாகையை அளக்கேல்லை. மாப்பிள்ளை மொட்டந்தலையோடயே வாறவர்?" மச்சான், ஊரில எத்தினை மாப்பிள்ளையளைக் கண்டனான், எனக்கு அது மண்டையில படேல்லை பாரும். எட்டுத்தான் படிஞ்சிருந்தது.

பத்மநாதன்ர கூண்டு வெளியால. உள்ளுக்கு இடம் அப்பிடியே கிடக்கு. தலைப்பாகைக்கு மேல இன்னொரு தலைப்பாகை வைக்கலாம். அதை நினைக்க எனக்கு நித்திரை இல்லை.

ஆனபடியால் நான் கேக்கிறது இதுதான். தலைப்பாகையை மண்டப வாசல்ல வைச்சு வைக்கலாம் எண்டு நீர் ஒரு சொல்லுச் சொன்னால் போதும். சாத்திரத்தில பிழை இல்லை. எங்கட ஊரில கந்தப்பு தன்ர கலியாணத்துக்கு ட்ராக்டரில வரேக்க தலைப்பாகை வேப்பங்கொப்பில கொழுவுப்பட்டு அங்கயே நிண்டிட்டுது, அவன் வெறுந்தலையோட வந்து தாலி கட்டினவன், ஐஞ்சு பிள்ளை. அந்தத் தலைப்பாகைக்குள்ள காகம் கூடு கட்டிக் குஞ்சும் பொரிச்சது, அது வேற கதை. சிவரூபினி லண்டனுக்கு முதல் வந்தது என்ர ஜீப்பில. அவளின்ர மாப்பிள்ளை வாறதும் என்ர ஜீப்பிலதான் வரவேணும். நண்டுக்காலுக்கு நீர் வாய் திறக்கேல்லை. இதுக்காவது திறவும்.

மச்சாளுக்கு எமது வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு ஆசியையும் சொல்லும். எல்லோரும் நீடூழி வாழ்க, பத்மநாதன் உட்பட.

இப்படிக்கு,
உமது தீர்ப்பை எதிர்பார்க்கும்,
மூத்த மருமகன்
க. அருளம்பலம்

பி.கு.: ஊருக்கு வாற ஆளிட்டைக் குடுத்துவிடுவம் எண்டு இந்தக் கடிதம் ரண்டு கிழமையாச் சட்டைப் பைக்குள்ள கிடந்திட்டுது. மேல எழுதினது ஒண்டையும் கணக்கில எடாதையும். நேற்றுக் கூண்டுக்கு ஒரு ஆணி முறுக்கவெண்டு றஜீனாவின்ர பட்டறைக்குப் போனால் அங்க பத்மநாதன்ர ஜீப் நிக்குது. வெளிக்கூண்டைக் கழட்டி எறிஞ்சுபோட்டான். உள்ளால புதுக்கூண்டு, பத்துக் கால். என்ர எட்டைக் கண்ட நாளிலயிருந்து அவனுக்கும் நித்திரை இல்லையாம். "தலைப்பாகையை அளந்தனியோ?" எண்டு கேட்டன். என்ன தலைப்பாகை எண்டு கேட்டான். மச்சான், முப்பத்திரண்டு வருசத்துக்குப் பிறகு நேற்றுத்தான் அவனைக் கட்டிப்பிடிச்சனான்.

எங்கட ரண்டு கூண்டுக்குள்ளயும் தலைப்பாகை ஏறாதபடியால் இப்ப மாப்பிள்ளை வாறது றஜீனாவின்ர சொந்த ஜீப்பில. அதுவும் பழசுதான், மேலால திறந்தது, ஒரு கம்பியும் இல்லை. "பிள்ளை, ஊருக்கெல்லாம் கூண்டு ஒட்டுறாய், உன்ரயில ஏன் இல்லை?" எண்டு கேட்டன். "நான் மெதுவா ஓடுறனான் ஐயா" எண்டாள்.

அவள் ஓட்டுவாள், மாப்பிள்ளையும் தோழனும் பின்னால. அவளுக்குப் பக்கத்து முன் சீட்டில ஒரு ஆளுக்கு இடம் இருக்கு. பத்மநாதன் உமக்குப் போன் எடுக்க முதல் என்ர பேரைச் சொல்லிப்போடும்.