ஐந்தாம் நீதிபதி தம் வலக்கையோடு பொருத போர்

சட்டப் பெருங்கடலை முப்பதாண்டு கடைந்து கரையேறியவரும், கறுப்பங்கி புனைந்த கம்பீரரும், கடுகளவு குளிர்காற்று பட்டாலும் அடுக்கடுக்காய்த் தும்மும் மூக்கை உடையவருமாகிய ஐந்தாம் நீதிபதியே, தம் வலக்கையோடு தாமே பொருத தனிப்பெரும் வீரரே, உம்மைப் பாடப் புகுந்தோம். எம் நாக்கு குழறாதிருப்பதாக!

எழுவர் வீற்றிருந்த அம்மாமன்றத்தில் நால்வர் ஓரணி. எழுதிய எழுத்தே சட்டம் என்போர். மூவர் எதிரணி, எழுதியவர் நோக்கமே சட்டம் என்போர். கொலை வழக்காயினும் கோழி வழக்காயினும் தீர்ப்பு நாலுக்கு மூன்றுதான். தேநீர் அறையின் ஏசிக்கும் அதே கதி. ‘இவ்வறை குளிர்ச்சியாக வைக்கப்படும்’ என்று சுவரில் ஒட்டிய வரியைச் சுட்டி, எழுத்தணித் தலைவரான மூத்த நீதிபதி பதினெட்டு டிகிரி என்பார். அவ்வரியின் நோக்கம் மனிதர் சுகமே, ஆகவே இருபத்தாறு என்று எதிரணி முழங்கும். நாள்தோறும் கை தூக்குவார்கள். நாள்தோறும் பதினெட்டே வெல்லும்.

நம் வீரரோ எழுத்தணி. அன்று காலை, வெந்நீரை நீட்டிய மனைவியார் ஒன்று கேட்டார்: “குளிருதுன்னு வீட்டுல வந்து புலம்புறீங்க. அங்க பதினெட்டுக்குக் கை தூக்குறதும் நீங்கதானே?”

வழக்கறிஞர் கூட்டத்தையே கேள்வியால் மடக்கிய வீரர் வெந்நீரை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு மன்றத்துக்குக் கிளம்பினார். தம் கையைத் தூக்குவது தாமா, மூத்தவரா என்ற ஐயம் வழியெல்லாம் அவரைப் பிடுங்கித் தின்றது. இன்று சொந்தப் புத்தியால் வாக்களிப்பேன், இன்றேல் இந்த அங்கிக்குள் இருப்பது வெறும் கோட்டு மாட்டும் கொக்கிதான் என்று சூளுரைத்தார்.

தேநீர் வேளை வந்தது. மூத்தவரின் கரம் உயர்ந்தது. அந்தோ! அதைக் கண்ட மாத்திரத்தில் வீரரின் வலக்கை, எவரையும் கேளாமல், பழகிய பாதையிலே விண்ணேகத் தொடங்கியது! இடக்கை பாய்ந்து மணிக்கட்டைப் பற்றியது. கோப்பை உருண்டது, பிஸ்கட் சேனை சிதறி ஓடியது, தேநீர் ஆறு மேசை விளிம்பில் அருவியாய் வீழ்ந்தது. வியர்க்க விறுவிறுக்க வலக்கையைத் தொடைக்கடியில் சிறைவைத்து, ‘இருபத்தாறு’ என்ற அறைகூவலுக்கு இடக்கையைக் கொடிமரமென உயர்த்தினார் வீரர். வாழ்நாளில் முதன்முறையாக அது அவருடைய கை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் அறை உதவியாளர் ஏசி ரிமோட்டில் பதினெட்டை அழுத்திவிட்டிருந்தார்.

“எண்ணுனீங்களா?” என்றார் வீரர்.

“எதுக்குங்கய்யா எண்ணணும்? பெரியய்யா கை ஏறுனா நாலு கை ஏறுனதா கணக்கு. வந்த நாள்லேர்ந்து அப்படித்தான் அழுத்துறேன்.”

“எண்ணப்படுக!” என்று மன்றம் அதிர ஆணையிட்டார் வீரர்.

கைகள் மீண்டும் உயர்ந்தன. உதவியாளர் விரல் நீட்டி எண்ணினார். பதினெட்டுக்கு நாலு. வீரர் திகைத்துத் திரும்பினார். எதிரணியின் ஏழாம் நீதிபதி அம்மையார், நெற்றி வியர்வை சொட்டச் சொட்ட, தம் அணியை உதறி, பதினெட்டுக்குக் கை தூக்கியபடி அமர்ந்திருந்தார். ஒரே வீட்டில் தனித்தனியே சுவரேறிய இரு திருடர்போல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். நாலுக்கு மூன்று, வழக்கம்போல, என்று அறிவித்தார் மூத்தவர்.

மறுநாள் ஐந்தாம் நீதிபதி சளி பிடித்து லீவு போட்டார்.