வெயிட் பார்த்து வாங்கிய ஹார்ட் டிஸ்க்

துணியைத் தவிர இந்த உலகத்தில் எதையும் எனக்கு வாங்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வருடக்கணக்காயிற்று. என் மனைவி சாந்தி, கல்யாணமான முதல் வாரத்தில் நான் வாங்கி வந்த தேங்காயை உடைத்த அன்றே கண்டுபிடித்துவிட்டாள்.

அப்போது மண்ணரை என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் என் வேலை. பனியன் துணியில் முதலில் பார்ப்பது கனம். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதைத்தான் ஜிஎஸ்எம் என்போம். வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தராசில் வைப்பது முறை. நான் விரலிடுக்கில் பிடித்தே "நூத்தியெம்பது" என்பேன். தராசு பிற்பாடு அதை ஆமோதிக்கும். (ஆமோதிக்காத நாட்களில் தராசு ரிப்பேர்.) சிலர் கஞ்சியைக் கூட்டிப் போட்டுக் கனம் காட்டுவார்கள், ஒரு தண்ணீரில் அலசினால் வண்டவாளம் தெரிந்துவிடும். அப்படி நான் பிடித்துக் கொடுத்த கதைகளைக் கேட்காதவர்கள் எங்கள் டீக்கடையில் கிடையாது. மூன்று முறை கேட்டவர்கள் உண்டு, பாவம்.

மகள் நிவேதாவுக்கு மூன்று வயதில் காது குத்தினோம். டிஜிட்டல் கேமரா பிரபலமாகிக்கொண்டிருந்த காலம். நண்பரிடம் இரவல் வாங்கி முந்நூறு படம் எடுத்துத் தள்ளினேன். மச்சினன் குமரேசன் மடியில் உட்கார்ந்து அவள் அழுதது, அவள் அழுததைப் பார்த்துக் குமரேசன் அழுதது, எல்லாம் இருந்தது. சோமனூரிலிருந்து மாமனார் மட்டும் வர முடியவில்லை. கண் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தார்.

"கட்டுப் பிரிச்சதும் என்ற பேத்தி காது குத்துனதத்தான் மொதல்ல பாக்கோணுங்க மாப்பிள்ளை" என்று போனில் சொன்னார். வாய் திறந்து ஒன்று கேட்கிற மனிதர் அல்ல அவர். கேட்டது அது ஒன்றுதான்.

படங்களை ஏற்றியதும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டியது. உள்ளே இடமில்லை, வெளியே மாட்டுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் பர்ஸ் அளவில் ஒன்றை எடுத்து வைத்தாள். கையில் வாங்கி, கண்ணை மூடி, இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தேன்.

"கனமே இல்லீங்களே அம்மிணி."

"சார், கனத்துக்கும் மெமரிக்கும் சம்பந்தம் இல்லீங்க. இதுக்கு பில் இருக்குதுங்க, மூணு வருசம் வாரண்டி இருக்குதுங்க."

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், போகப் போகக் கற்றுக்கொள்வாள் என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு அருகே ஒருவர் தார்ப்பாய் விரித்து டார்ச், கால்குலேட்டரோடு ஹார்ட் டிஸ்க்கும் விற்றுக்கொண்டிருந்தார். எடுத்தேன். கை கொஞ்சம் கீழே இறங்கியது. அடடா, அதுதான் கனம்.

"ஏனுங்க இவ்வளவு வெயிட்டு?"

அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "உள்ள சரக்கு இருக்குதுங்க சார். காத்தடைச்சு விக்கறவன் நானில்லீங்க."

என் மொழி பேசுகிற மனிதரை ஊரில் அன்றுதான் கண்டேன். மறுநாள் கம்பெனிக்கே கொண்டுபோய் சாம்பிள் ரூம் தராசில் வைத்து எல்லோருக்கும் காட்டினேன். எல்லோரும் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார்கள். சாந்தி மட்டும், "பில்லு எங்கீங்க?" என்றாள். "இந்தக் கனத்துக்குப் பில் எதுக்கு?" என்றேன்.

காதுகுத்துப் படங்களை முதலில் ஏற்றினேன். கடைசியாக, வேலைக்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கம்பெனிப் படங்கள் கொஞ்சத்தையும் போட்டுவைத்தேன். பெயரெல்லாம் வரிசையாகத் தெரிந்தது. திருப்தியாகி, கம்ப்யூட்டரில் இருந்ததைச் சுத்தமாக அழித்தேன். கேமராவில் இருந்ததையும் அழித்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் குமரேசனும் வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டருக்கு நேர் எதிரே மாமனாருக்கு நாற்காலி போட்டேன். அவர் புதுக் கண்ணாடியைத் துண்டில் துடைத்து மாட்டி, நிவேதாவை மடியில் வைத்துக்கொண்டார். நான் சின்னதாக ஒரு முன்னுரை நிகழ்த்தி (ஜிஎஸ்எம் உட்பட) படத்தை ஓடவிட்டேன்.

முதல் படம் திறக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. இருபது, முப்பது, நூறு. எதுவுமே திறக்கவில்லை. வியர்த்துப்போய், கைக்கு வந்த பட்டனையெல்லாம் தட்டினேன். சட்டென்று திரை முழுக்க ஒரு படம் வந்தது. ஆண்கள் ஜட்டி, நீல நிறம், முன்பக்கம்.

அடுத்து பின்பக்கம். அடுத்து எலாஸ்டிக் மட்டும் கிட்டத்தில். பிறகு சாம்பல் நிறம். நிறுத்தத் தெரியாமல் நான் மவுசைப் பிடித்து உலுக்க, பதினெட்டுப் படங்களும் நிதானமாக ஓடி முடிந்தன.

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். "புதுக் கண்ணுல எல்லாம் தெளிவாத் தெரியுதுங்க மாப்பிள்ளை" என்றார். கொஞ்சம் யோசித்து, "தையல் நல்லா இருக்குதுங்க" என்றார்.

குமரேசன் தறி மெக்கானிக். டிஸ்க்கை வாங்கி, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தான். உள்ளே விரல் நுனி அளவு பென் டிரைவ் ஒன்று. அதன் இரண்டு பக்கமும் பசை போட்டு ஒட்டிய இரண்டு பெரிய போல்ட்டுகள், நட்டோடு.

"மச்சான், இதுல எடம் கொஞ்சந்தானுங்க. பழசு மேல புதுசு எழுதிக்கிட்டே போயிருக்குதுங்க. கடேசியா ஏத்துனது மட்டுந்தான் மிஞ்சும். போல்ட்டு மட்டும் நல்ல போல்ட்டுங்க."

கஞ்சி போட்ட துணியை விரலால் பிடிக்கிறவன், போல்ட் போட்ட டிஸ்க்கைத் தராசில் வைத்து ஊருக்கே காட்டியிருக்கிறேன். மாமனார் பேத்தியின் காதைத் திருப்பி, தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புப் பண்ணிட்டனுங்க மாமா. கனத்தப் பாத்து ஏமாந்துட்டனுங்க" என்றேன்.

அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள் போல சாந்தி எழுந்து பீரோவைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு சிடியை எடுத்தாள். கேமராவில் இருந்ததை நான் அழிக்கும் முன்பே, ஸ்டுடியோவில் கொடுத்துப் படங்களை அதில் போட்டு வாங்கி வைத்திருக்கிறாள். அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வெயிட்டு போதுங்களா பாருங்க."

மாமனார் முந்நூறு படத்தையும் பார்த்தார். குமரேசன் அழுகிற இடத்தை மட்டும் நான்கு முறை போடச் சொன்னார்.

அந்த இரண்டு போல்ட்டுகளும் இன்றும் எங்கள் வீட்டு டிவி மேஜையில்தான் இருக்கின்றன. நான் கடைக்குக் கிளம்பினால், காலேஜ் போகிற நிவேதா ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிடுகிறாள்.

மாமனாருக்குத் தீபாவளிக்குத் தீபாவளி கம்பெனியிலிருந்து பனியன் ஜட்டிப் பெட்டி கொண்டுபோவது என் வழக்கம். எண்பது தாண்டிவிட்டார். ஒவ்வொரு வருடமும் பிரித்துப் பார்க்காமலே பக்கத்தில் வைத்துவிட்டுச் சொல்கிறார்:

"இது நான் போட்டோவுலயே பாத்ததுதானுங்க மாப்பிள்ளை."