வண்ணம் விலகாத படம்

உலக சினிமாவின் தலையெழுத்து இன்று சிவகாசியில், ஒரு அச்சகத்தின் மாடியில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே தீர்மானிக்கப்படுகிறது. உலகம் இதை இன்னும் அறியவில்லை. அறிவிக்க வேண்டியது மன்றச் செயலாளரான என் கடமை.

எங்கள் 'தொழில்நுட்பத் திரை ரசனை மன்ற'த்தில் எல்லாரும் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பவர்கள். இந்தி, குஜராத்தி, ஒடியா என்று எந்த மொழியில் ஆர்டர் வந்தாலும் அடிப்போம். அவற்றில் ஒரு எழுத்தும் எங்களுக்குப் படிக்கத் தெரியாது. தாளை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணில் லென்ஸை வைத்து, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் விலகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். உட்கார்ந்திருந்தால் 'ஓகே'. எழுதியிருப்பது வாழ்த்தா வசையா என்பது வாங்குகிறவர் பாடு. இந்த உயர்ந்த கொள்கையைத்தான் சினிமாவுக்கும் நீட்டித்தோம்.

சென்ற மாதம் வேன் வைத்து, அச்சக ஊழியர்களையும் கூட்டிக்கொண்டு, விருதுநகரில் ஒரு புதுப்படம் பார்த்தோம். ஆகா! 'வேண்டாம்' என்று சொன்ன பெண்ணைக் கதாநாயகன் தெருத்தெருவாகத் துரத்துகிறான். வழி மறித்து அசிங்கமாகப் பேசுகிறான். கடைசியில் ஓங்கி அறைகிறான். அறை விழுந்த இடத்தில் அவளுக்குக் காதல் முளைக்கிறது. இதெல்லாம் அற்ப விஷயங்கள். துரத்தல் முழுவதும் வெட்டே இல்லாத ஒரே ஷாட்! அறையின் ஒலி திரையில் கிளம்பி, தியேட்டரை ஒரு சுற்றுச் சுற்றி, நம் கன்னத்தில் வந்து இறங்கியது. அவன் பேசும் வசனங்களை அச்சிட முடியாது. எதையும் அச்சிடும் ஊர்க்காரன் நானே இதைச் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது வேனில் ஒரு குரல், "எனக்குப் படம் பிடிக்கலை" என்றது. டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

குரலுக்குரியவர் ஆர்த்தி. எங்கள் தலைவர் ராஜபாண்டியன் அண்ணாச்சியின் அச்சகத்தில் டிசைனர். சாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். ஒரு மாதம் யோசித்து, அவசரக் கூட்டம் கூட்டி அவரை விசாரித்தோம்.

"கேமரா சரியில்லையா தாயி?" என்று பதறினார் தலைவர்.

"அருமையா இருந்துச்சு அண்ணாச்சி."

"சத்தம்?"

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"எடிட்டிங்கு?"

"குறையே சொல்ல முடியாது."

"பெறகு என்னத்தத்தான் பிடிக்கல?"

"படத்தை."

பொருளாளர் சீனிவாசகம் தலையில் கை வைத்துக்கொண்டார். "கேமரா நல்லாருக்குங்குது, சத்தம் நல்லாருக்குங்குது, படம் மட்டும் பிடிக்கலைங்குது! இது என்ன சீக்குன்னே தெரியலையே!"

"அந்தப் படம் வந்ததுலருந்து உங்க மகன் மணிகண்டராஜ் என்னைய பஸ் ஸ்டாண்டுல மறிக்கிறாரு அண்ணாச்சி" என்றார் ஆர்த்தி. "அதே வசனத்தை எங்கிட்டச் சொல்றாரு. எங்கம்மா இனிமே வேலைக்கே போகாதேங்காக. எனக்கு இந்த வேலை வேணும். நீங்க கண்டிச்சு வச்சீகன்னா நிம்மதியா வந்து போவேன்."

மணிகண்டராஜ் எங்கள் இளைஞரணித் தலைவர். கலையைக் கண்டதோடு நிறுத்தாமல் கற்றுக்கொள்ளவும் செய்கிறவர். அவருடைய கூட்டாளி அந்த மறியலைச் செல்போனில் பிடித்து, மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் 'பயிற்சிப் படம்' என்று போட்டிருந்தார். ஆர்த்தி அதை ஓடவிட்டு மேஜைமேல் வைத்தார்.

எங்கள் தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஆர்த்தி விலகுகிறார். மணிகண்டராஜ் மறிக்கிறார். கைப்பையைப் பிடித்து இழுக்கிறார். மன்றம் மெய்மறந்தது.

"செல்போன்ல எடுத்ததாய்யா இது? கை நடுங்கவே இல்லையே!" என்றார் சீனிவாசகம்.

"ஒரே ஷாட்" என்றேன் நான், செயலாளருக்குரிய நிதானத்தோடு.

பஸ் ஸ்டாண்டில் அவ்வளவு கூட்டம். ஒருவர்கூடக் குறுக்கே வந்து காட்சியைக் கெடுக்கவில்லை. பொதுமக்களின் ஒத்துழைப்பைப் பாராட்டி அங்கேயே தீர்மானம் போட்டோம்.

ஆர்த்தி அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கேள்வி கேட்டார்.

"மூஞ்சி தெளிவாத் தெரியுதா அண்ணாச்சி?"

"அச்சடிச்ச மாதிரி இருக்கு!"

"பேசுறது?"

"ஒவ்வொரு சொல்லும் கணீர்னு கேக்குதே!"

"பின்னாடி டீக்கடையில கிளாஸும் கையுமா வேடிக்கை பாக்குறது நீங்கதான?"

"நானேதான்!" தலைவர் பூரித்துப் போனார். "அங்கன நிக்கிறவனையும் எம்புட்டுத் தெளிவா எடுத்திருக்கான் பாரு!"

"அப்பச் சரி. நீங்க கண்டிக்கலேன்னா புகார் கொடுக்க வாம்மான்னு மகளிர் போலீஸ் ஸ்டேஷன்ல சொன்னாக. வீடியோ இருந்தா தெளிவா இருக்கான்னு மட்டும் பாத்துக்கிடச் சொன்னாக." ஆர்த்தி போனை எடுத்துப் பைக்குள் போட்டார். "தொழில் தெரிஞ்ச நீங்களே இம்புட்டுச் சொன்ன பெறகு எனக்கு என்ன சந்தேகம்?"

செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"ஏய்யா செயலாளரே... அதுல அப்படி என்னதான்யா பேசுறான் எம் பையன்?"

மன்றம் தொடங்கிய நாள் முதலாக, ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை.