நிலாவுக்குப் பின்னால் போன வசந்தகுமார்

பெண்டாட்டியின் போன் எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. நிலாவின் முதுகுப் பக்கம். அதைத் தெரிந்துகொண்ட அன்றே நான் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

நாலு பேர் நிலாவைச் சுற்றிவிட்டு வரப் போனார்கள் அல்லவா, அதை நானும் என் பெண்டாட்டி சசிகலாவும் மண்ணூர் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து என் போனில் பார்த்தோம். நான் ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை மாட்டுகிற கம்பெனியில் ஆபரேட்டர். வானத்துக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, மழை பெய்தால் கம்பெனி பஸ் லேட்டாக வரும் என்பதோடு சரி. ஆனாலும் அந்தச் சாம்பல் உருண்டை விண்கப்பலின் ஜன்னலை அடைத்துக்கொண்டு வந்து நின்றபோது நான் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன். மனுஷன் எவ்வளவு தூரம் போய்விட்டான் என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சசியும் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அது தனிச் சாதனை.

"எறங்கலியா?" என்றாள் கடைசியில்.

"இல்ல. சும்மா சுத்திக்கினு வந்துடுவாங்க."

"அவ்ளோ தூரம் போயி வாசல்லியே திரும்பிடுவாங்களா? உங்க அக்கா வூட்டுக்குப் போன மாதிரி கீது."

நான் போனில் சத்தத்தைக் கூட்டினேன். அக்கா விஷயத்தில் பதில் சொன்னால் விடியும்வரை பேச்சு ஓடும்.

"அதுல ஒரு பொம்பள கூட கீதே. முடியப் பாருங்க, மேல பறக்குது. பின்னிப் போட்டிருக்கலாம்." கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "வூட்ல யாரக் கேட்டுக்கினு போச்சு அது?"

"அங்கெல்லாம் யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க."

"ஓ" என்றாள்.

அந்த 'ஓ'வை நான் கவனித்திருக்க வேண்டும். ஆனால் என் காது போனுக்குள் இருந்தது. கப்பல் நிலாவுக்குப் பின்னால் போகும்போது பூமியோடு பேச முடியாதாம். சிக்னல் கிடையாதாம். யார் கூப்பிட்டாலும் கேட்காதாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

என் நிலைமை உங்களுக்குத் தெரியாது. ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தால் அது கைக்கு வருவதற்குள் அடிக்கும். பஸ் ஏறியாச்சா, பக்கத்துல யாரு, கொத்தமல்லி வாங்கியாச்சா. ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன் தாவீதின் மெக்கானிக் ஷெட்டில் கேரம் ஆட உட்கார்ந்தால், சிவப்புக் காயைக் குறி வைக்கிற நேரம் பார்த்து அடிக்கும்.

இதில் புதுசாக இன்னொரு தொல்லை வேறு சேர்ந்திருந்தது. கம்பெனியில் புதுசாகத் தொடங்குகிற லைனுக்குப் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள், தொழிலாளிகள் வீட்டுப் பெண்களுக்கு முதல் இடம். எச்.ஆர். கோதண்டராமன் எங்கள் தெருவிலேயே குடியிருப்பவர். அவர் வாயிலிருந்து விஷயம் சசி காதுக்கு வந்துவிட்டது. "நான் போவட்டா?" என்பாள். "பாக்கலாம்" என்பேன். கோதண்டராமனிடம் தனியாக, "என்னைக் கேட்காமல் பேர் சேர்க்காதீர்கள் சார்" என்றும் சொல்லி வைத்திருந்தேன். நான் முற்போக்கானவன்தான். ஆனால் பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்களே, அந்தப் பத்தில் முற்போக்கும் ஒன்று. அவள் வேலைக்குப் போனால் சோறு யார் வடிப்பது?

மறுநாளே பேச்சுவார்த்தையைத் தொடங்கினேன்.

"சசி, நான் ராக்கெட். நீ கண்ட்ரோல் ரூம்."

"நீங்க ராக்கெட்டா?" என் வயிற்றைப் பார்த்தாள்.

"ஒரு பேச்சுக்கு. கண்ட்ரோல் ரூம்தான் பெருசு. ஆனா ராக்கெட்டு நிலாவுக்குப் பின்னாடி போனா, அவங்க கம்முனு காத்துக்கினு இருப்பாங்க. அந்த மாதிரி ஞாயித்துக்கிழம சாப்ட்டதும் நான் நிலாவுக்குப் பின்னாடி போயிடுவேன். போன் ஆஃப். பொழுதோட திரும்பி வந்துடுவேன்."

"அந்த நேரத்துல இங்க எதனா அவசரம்னா?"

"நீயே முடிவு பண்ணிக்கோ."

"எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்."

"அப்பால வந்து ஏன் பண்ண, எதுக்குப் பண்ணன்னு கேக்கக் கூடாது."

"பேச்சு மாற மாட்டேன்."

"செரி" என்று சட்டென்று ஒத்துக்கொண்டாள். இதற்கு முன் அவள் சட்டென்று ஒத்துக்கொண்டது என்னைக் கட்டிக்கொள்ள மட்டும்தான். அதற்கே இன்னும் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிறு வந்தது. போனை அணைத்தேன். ஷெட்டில் உட்கார்ந்தேன். தாவீது என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னாடா, போனே அடிக்கல? வூட்ல சண்டையா?"

"நிலாவுக்குப் பின்னாடி கீறேன்."

"பட்டப்பகல்லியே போட்டுட்டியா?"

அவனுக்கு விண்வெளி அறிவு கிடையாது. ஆடினோம். போன் அடித்ததால் கெட்டது என்று இத்தனை நாள் சொல்லி வந்த ஆட்டமெல்லாம் அன்று போன் அடிக்காமலே கெட்டது. போதாததற்கு, கை அடிக்கடி சட்டைப் பைக்குப் போயிற்று. யாருமே கூப்பிடாதது ஒரு மாதிரி இருந்தது. இதைச் சசியிடம் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்தால் வெங்காய பஜ்ஜி. காரணமில்லாமல் சசி அடுப்பில் எண்ணெய் வைக்க மாட்டாள்.

"கோதண்டராமன் சார் வந்தாரு" என்றாள். "இன்னிக்கோட பேரு குடுக்குறது முடியுதாம். உங்களக் கேக்கணும்னு போன் போட்டாரு. ஆஃப்னு வந்துச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"அவுரு நிலாவுக்குப் பின்னாடி கீறாரு, இப்ப முடிவு என்னுதுன்னு சொன்னேன். நாளைக்கே ட்ரெயினிங்குக்கு வரச் சொன்னாரு."

"ஏன்..." என்று ஆரம்பித்தேன். சசி ஒரு புருவத்தைத் தூக்கினாள். நான் ஒரு பஜ்ஜியை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன்.

"சோறு?" என்றேன், விழுங்கியதும்.

"அங்க நாலு பேரும் அவங்கவங்களே பாக்கெட்டப் பிரிச்சி சாப்ட்டாங்க. நீங்களும்தான பாத்தீங்க."

காலையில் தலைமுடியை இழுத்துப் பின்னிப் போட்டுக்கொண்டு, கழுத்தில் அட்டை தொங்க, சசி கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் சாயங்காலச் சமையலையும் என் தலையில் கட்டிவிடுவாள்.

அதோடு, மனசுக்குள் ஒரு குதூகலமும் கிளம்பியிருந்தது. புது லைன் வேறு கட்டடத்தில். உள்ளே போனால் அவள் போனும் லாக்கருக்குத்தான் போகும். ஷிப்ட் முழுக்க அவள் அங்கே, நான் இங்கே. தோற்றவன் போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஜெயித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ட்ரெயினிங் முடிகிற அன்று ஒரு கார் சீட்டைக் காட்டி, குறை இருந்தால் சொல்லச் சொன்னார்களாம். மற்றவர்கள் குனிந்து தேட, சசி நின்ற இடத்திலிருந்தே தையல் கோணல், ஓரத்தில் சுருக்கம், கொக்கி சரியாக மாட்டவில்லை என்று அடுக்கிவிட்டாளாம். "இந்தக் கண்ணைப் புது லைனில் வீணாக்கக் கூடாது" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவளைத் தரம் பார்க்கிற மேஜையில் போட்டார்கள். எங்கள் லைனின் கடைசியில். எனக்கு நேர் எதிரே.

முதல் நாள் நான் மாட்டிய முதல் சீட்டே சிவப்பு ஸ்டிக்கரோடு திரும்பி வந்தது.

"சசி, இது சின்ன சுருக்கம்மா."

"லைன்ல பேரு சொல்லிக் கூப்புடக் கூடாது சார். கழட்டி மாட்டுங்க."

உள்ளதும் போச்சு. டீ பெல் அடித்ததும், அடுக்கி வைத்திருந்த சீட்டுகளுக்குப் பின்னால் மெல்ல நழுவி, யார் கண்ணிலும் படாமல் குந்தினேன்.

"அங்க இன்னா பண்றீங்க?" என்றது சசியின் குரல், தலைக்கு மேலிருந்து.

"வந்துட்டேன்மா" என்றேன்.