முள்ளய்யாவின் கதிர்ப்பெட்டி

பெற்ற மகளைக் கட்டிப்பிடிக்க என்ன விலை? ஐயாயிரம். ரொக்கம் மட்டும். பேரம் பேசினால் பலன் குறையும்.

புற்றுநோய் மருத்துவமனைக்கு எதிரே, வாடகைக் கடையில் இந்த வியாபாரம். முதலாளி முள்ளய்யா. கையில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு முள். கதிர் சிகிச்சை எடுத்தவர்மேல் காட்டினால் முள் துள்ளும். "உடம்பெல்லாம் கதிர்! தொட்டா புள்ளைக்கும் ஒட்டும்!" என்பார். செம்புக் கம்பியால் வழித்து 'இறக்கி'விட்டால் முள் படுத்துக்கொள்ளும். வரிசை தெருமுனை வரைக்கும். படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். அவர்களுக்கு எதிலும் அவசரம்.

நடுவில் ஒரு தையல்காரி. கர்ப்பப்பையை அறுவை செய்து எடுத்தபின், உள்ளே குழாய் வைத்துக் கதிர் கொடுத்தார்கள். மூன்று முறை வேண்டும், ஒன்றுதான் முடிந்திருந்தது. பத்து நாளாக நாலு வயது மகளைத் தொடவில்லை. மெத்தைக் கடை நடத்தும் அவள் அண்ணி தேடிவந்து பிடித்தாள்.

"டாக்டர் என்னடி சொன்னாரு?"

"குழாய் வழியா சின்ன மணி ஒண்ணு உள்ள போகும், கதிர் குடுத்துட்டு சில நிமிஷத்துல வெளிய வந்துடும், உடம்புல ஒண்ணும் தங்காதுன்னாரு."

"அப்புறம் என்ன?"

"முள்ளு ஆடுதே அண்ணி! இனிமே அந்த ரூமுக்கே போகமாட்டேன்."

அண்ணி தன் கடைக்கு ஓடினாள். அரை மணியில் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் தலை முதல் கால் வரை போர்வை.

"எங்க பெரியம்மா. மூணு தடவை கதிர் எடுத்தாச்சு. வெளிச்சம் ஆகாது."

முள்ளய்யா பெட்டியை நீட்டினார். முள் குதித்தது. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

"அடேயப்பா! எலும்பு வரைக்கும் ஏறியிருக்கு! மூணு தடவை இறக்கணும். பதினஞ்சாயிரம்."

"கொஞ்சம் குறைச்சுக்கங்க. பெரியம்மாவுக்கு எலும்பே கிடையாது."

போர்வையை உருவினாள். மூன்று தலையணை, ஒரு திண்டு. விலைச்சீட்டைக்கூடக் கழற்றவில்லை.

முள்ளய்யா சமாளித்தார். "அதுல யாராவது நோயாளி படுத்திருப்பாங்க!"

அண்ணி பெட்டியைப் பிடுங்கிப் புரட்டினாள். கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பொத்தான். முள்ளய்யாவின் தலைக்கு நேரே காட்டி அழுத்தினாள். முள் எகிறியது.

"ஐயையோ, உங்களுக்குத்தான் முத்திப்போச்சு!"

தையல்காரி சிரிப்பதற்குக்கூட நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடி மகளை வாரி எடுத்தாள். திங்கட்கிழமை இரண்டாம் முறைக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள்.

கூட்டம் கல்லாவைக் கவிழ்த்தது. ஏமாந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு. காசைத் திரும்ப வாங்கியவர்கள் நூற்றுப் பன்னிரண்டு. கொடுக்கும் முன் பெட்டியைப் புரட்டிப் பார்த்தவர்கள் பூஜ்யம். பணக் கணக்கு நேர். மூளைக் கணக்கில் நூற்றுப் பன்னிரண்டும் பாக்கி. தவணை முறையிலாவது கட்டுங்கள்.