மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வந்த இரண்டு கார்கள்

ஒரு காட்டில் ஏகாம்பரம் என்றொரு கரடியார் இருந்தார். அவரிடம் தாத்தா காலத்துக் கார் ஒன்று இருந்தது. கூரை கிடையாது, பித்தளை ஹாரன் உண்டு. முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினால் கிளம்பும். அதற்கும் அது மனசு வைக்க வேண்டும்.

"இன்னைக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இதை வாடகைக்கு எடுக்கலேன்னா, நாளைக்கு இரும்புக் கடையில போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டாள் அவர் மனைவி செங்கமலம். காரைத் துடைத்துத் துடைத்துக் கரடியாருக்குக் கை ஓய்ந்துபோயிற்று.

கோயில் வாசலுக்குப் போனால், அங்கே சிறுத்தை மன்மதராஜன் புத்தம்புது ஸ்போர்ட்ஸ் காரோடு நிற்கிறான். தரையை ஒட்டிய கார், கறுப்புக் கண்ணாடி.

"நூறைத் தொட மூணு விநாடி போதும் மாமா" என்றான், பெண்ணின் அப்பாவான காட்டெருமை வையாபுரியிடம்.

"உங்களுது எப்படிங்க?" என்று வையாபுரி கரடியாரைக் கேட்டார்.

"இதுவரைக்கும் தொட்டதில்லீங்க" என்றார் கரடியார். பாவம், பொய் சொல்ல வராது.

மாப்பிள்ளை எருமையை மடக்கி ஸ்போர்ட்ஸ் காருக்குள் திணித்தார்கள். நாயனக்கார மயில் மூச்சை இழுத்து ஊதுவதற்குள் கார் கல்யாண மண்டபத்தில் நின்றது. வழியில் ஒருவரும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை.

"கொம்பு ரெண்டும் இருக்கான்னு ஊர் பார்க்க வேணாமா?" என்று மாப்பிள்ளையின் அத்தை ஆடித் தீர்த்துவிட்டாள். மாப்பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து கரடியார் காரில் ஏற்றினார்கள்.

கரடியார் கம்பியைச் சுற்றினார். மறுபடி சுற்றினார். கார் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

"நல்ல நேரம் போகுது, தள்ளுங்கப்பா!" என்று வையாபுரி கத்தினார்.

யானைகள் தள்ளின. மான்கள் தள்ளின. சிறுத்தையும் வேறு வழியில்லாமல் தள்ளினான். கார் நாயனத்தின் நடைக்குச் சரியாக நகர்ந்தது. வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுத்தார்கள். தள்ளியவர்கள் எல்லாம் அதை 'எங்க கார்' என்றார்கள். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் மேலும் பல கல்யாணங்களுக்குக் காரைப் பேசிவிட்டார்கள்.

மறுநாள் கரடியார் துள்ளிக்கொண்டு மெக்கானிக் மந்தியை அழைத்துவந்தார். "இன்ஜினைச் சரி பண்ணிடு. அடுத்த ஊர்வலத்துக்கு நானே ஓட்டிக்கிட்டுப் போகணும்."

செங்கமலம் துடைப்பத்தோடு வந்தாள். "வர்ற பொழப்பைக் கெடுக்கப் பாக்குறீங்களா? இது கிளம்பிட்டா அப்புறம் எவன் தள்ளுவான்?"

மந்தியை வைத்தே இன்ஜினைக் கழற்றி, அந்த இடத்தில் சீர்த்தட்டு வைக்கப் பலகை அடித்தாள்.

இப்போதெல்லாம் ஊர்வலத்தில் கரடியார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். பாதி வழியில் கண் கலங்கும். ஆனந்தக் கண்ணீர் என்று காடே சொல்கிறது.

நீதி: ஊர் உன்னைக் கொண்டாட வேண்டுமானால், முதலில் இன்ஜினைக் கழற்றிவிடு.